உள்ளறைக்காரர்

பல் செட்டு குளியலறைக் கண்ணாடிக்குக் கீழே, கிண்ணத்துத் தண்ணீரில் கிடந்தது. உள்ளறையில் பெரியவர் ரஸ்க் கடித்துக்கொண்டிருந்தார்.

இரண்டும் ஒரே நேரத்தில் நடக்க முடியாது என்பது அவளுக்கு உறைக்கச் சற்று நேரம் பிடித்தது. வேலை முடிந்து வந்து, செருப்பைக் கழற்றி ஒரு மூலையில் தள்ளி, முகத்தில் தண்ணீரை வாரி அடித்துக்கொண்டிருந்தவள் குழாயை மூடினாள். சுவருக்கு அந்தப் பக்கம்தான் உள்ளறை. இந்தக் கட்டடத்தில் சுவர்கள் எல்லாம் பெயருக்குத்தான். ஒருவர் பெருமூச்சு விட்டால் பக்கத்து அறைக்காரர் என்ன ஆச்சு என்று கேட்கலாம். முன்பல் இறங்கி உடைக்கிற சத்தம் முதலில் வந்தது. பிறகு, உடைந்த துண்டை நாக்கு ஓரமாகத் தள்ளிக் கொடுக்க, கடைவாய்ப் பற்கள் அதை வாங்கி, அவசரமே இல்லாமல், ருசித்து, நறநறவென்று அரைத்து, மாவாக்கி, கடைசியில் தொண்டை அதை விழுங்குகிற சத்தம். கொஞ்ச நேரம் அமைதி. மறுபடியும் கடக்.

டென்டல் லேப்பில் பல் செட்டு செய்வது அவள் வேலை. பல் இருக்கும் வாய்க்கும் இல்லாத வாய்க்கும் உள்ள வித்தியாசம் அவளுக்குத் தூக்கத்தில்கூடத் தெரியும். பல் இல்லாத வாயில் ரஸ்க் ஊறும், கரையும், வழியும். உடையாது.

கிண்ணத்தை மறுபடி பார்த்தாள். அவள் கையாலேயே செய்த செட்டுதான். மேல்வரிசையும் கீழ்வரிசையும் தண்ணீருக்குள் ஒன்றையொன்று தொட்டபடி, யாரோ சொன்ன நகைச்சுவைக்குச் சிரிப்பதுபோலக் கிடந்தன. கூடத்தில் அவள் கணவன் சோபாவில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தான். பொழுது இன்னும் சாயவில்லை. கொஞ்ச நாளாகவே இந்த நேரத்திலும் அவனுக்குத் தூக்கம்தான். வாய் திறந்திருந்தது. உள்ளே, முன்வரிசை முழுவதும் காலியாக இருந்தது.

அவள் உள்ளறைக்குள் போகவில்லை. போய்ப் பார்த்திருக்கலாம். வாசலில் தொங்கிய திரை லேசாக ஆடியதைப் பார்த்துவிட்டு, அடுப்படிக்குள் நுழைந்து, தேவையே இல்லாமல் ஒரு பாத்திரத்தைத் தேய்க்க ஆரம்பித்தாள்.

இந்த நகரத்தில் சொந்த வீடு என்பது அவர்களைப் போன்றவர்கள் அண்ணாந்து பார்த்து வயிறெரிய மட்டுமே கட்டப்பட்ட பொருள். அவன் லிஃப்ட் மெக்கானிக். வானத்தை முட்டுகிற குடியிருப்புகளில் லிஃப்ட் குழிக்குள் இறங்கி, நகக்கண்ணெல்லாம் கிரீஸோடு மேலே வந்து, அந்த வீட்டுக்காரர்கள் யாரும் ஏறாத பஸ்ஸைப் பிடித்து வீடு திரும்புகிறவன். "நான் இல்லன்னா அங்க ஒருத்தனும் வீட்டுக்குப் போக முடியாது. எனக்குத்தான் போறதுக்கு வீடு இல்ல" என்பான். சிரித்துக்கொண்டேதான் சொல்வான். சிகரெட்டை விட்டதிலிருந்து கிராம்பு மெல்லுவான். சிரிக்கும்போது அந்த வாசனையும் சேர்ந்து வரும். அவளைப் பல்லி என்றுதான் கூப்பிடுவான். பல் வேலை செய்கிறவள் பல்லி. கல்யாணமான புதிதில் கோபம் வந்தது, பிறகு அந்தப் பெயர் இல்லாவிட்டால் யாரையோ கூப்பிடுகிறான் என்று தோன்றும் அளவுக்குப் பழகிவிட்டது.

வாடகை வீடு மாற்றி மாற்றி அவர்களுக்கு அலுத்துப்போயிருந்தது. சுவரில் ஆணி அடிக்கக் கூடாது, விருந்தாளி தங்கக் கூடாது, சத்தமாகச் சிரிக்கக் கூடாது. சில அட்டைப்பெட்டிகளை அவர்கள் பிரிப்பதையே விட்டுவிட்டார்கள், எப்படியும் மறுபடி கட்டத்தானே வேண்டும். இப்படி இருந்தபோதுதான் தரகர் இந்த வீட்டைக் கொண்டுவந்தார். பாதி விலை. லிஃப்ட் இல்லாத பழைய கட்டடத்தில் மேல்மாடி. வீட்டை விற்கிற பெரியவருக்கு யாரும் இல்லை. அவர் உயிரோடு இருக்கும்வரை உள்ளறை அவருக்கு. சோறு போட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டும். அவர் காலத்துக்குப் பிறகு எல்லாமே இவர்களுக்கு.

"நடுவுல நீங்க காலி பண்ணிட்டுப் போனா வீடு அவருக்கே திரும்பிடும். குடுத்த பணமும் போயிடும். அதை மட்டும் மனசுல வெச்சுக்கோங்க" என்றார் தரகர்.

"அவருக்கு என்ன வயசிருக்கும்?" என்று அவன் தயங்கிக் கேட்டான்.

"அதெல்லாம் போற வயசுதாங்க."

தரகர் குரலைக்கூடத் தாழ்த்தவில்லை. பெரியவர் பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தார். எலும்பும் தோலுமாக, வெள்ளைத் தலையோடு, கைகளை மடியில் கோத்துக்கொண்டு, கல்யாணத்துக்கு வந்த தூரத்து உறவுக்காரர்போல இருந்தார். தரகர் சொன்னதைக் கேட்டு, பல்லே இல்லாத வாயைத் திறந்து சிரித்தார்.

அவள் நகை போயிற்று, அவன் பைக் போயிற்று, மிச்சத்துக்குக் கடன். குடிவந்த அன்று இருவரும் கூடத்தின் வெறுந்தரையில் மல்லாந்து படுத்து உத்தரத்தைப் பார்த்துச் சிரித்தது அவளுக்கு நினைவிருக்கிறது. உள்ளறையிலிருந்து இருமல் கேட்டதும் சிரிப்பை நிறுத்திக்கொண்டார்கள்.

சாவை எதிர்பார்க்கிறோம் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. 'அப்புறம்' என்று சொன்னார்கள். அப்புறம் அந்த ரூமுக்கு வெள்ளையடிக்கலாம். அப்புறம் ஜன்னலோரமா ஒரு அலமாரி போடலாம். அப்புறம் குழந்தை பெற்றுக்கொள்ளலாம், தொட்டில் போட இடம் வேண்டுமே. பெரியவருக்குக் கஞ்சி கொண்டுபோகும்போதெல்லாம் அவள் கண் தானாகவே சுவரை அளந்தது. ஒரு நாள் கிண்ணத்தில் கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தவள், ஒரு கரண்டியைக் குறைத்து ஊற்றியதைத் தானே பார்த்துவிட்டாள். கை அதுவாகச் செய்திருந்தது. எத்தனை நாளாகச் செய்கிறதோ. அடுப்படியிலேயே உட்கார்ந்து அழுதாள்.

அந்த அழுகையின் முடிவில்தான் பெரியவருக்குப் பல் செட்டு செய்துதருவது என்று தீர்மானித்தாள்.

"கொல்லணும்னு நெனச்ச பாவத்துக்குப் பல்லு கட்டிவிடறியாக்கும்" என்றான் அவன்.

"ச்சீ, வாயக் கழுவுங்க."

வீட்டிலேயே அச்செடுத்து, லேப்பில் மிச்ச நேரத்தில் வேலையை ஆரம்பித்தாள். ஆனால் வரிசை அமைக்கும்போது கை நின்றது. ஒருவருக்குச் செட்டு செய்தால் அவருடைய பழைய போட்டோவைக் கேட்டு வாங்கி, பற்கள் எப்படி இருந்தன என்று பார்த்துக்கொள்வது வழக்கம். பெரியவரிடம் ஒரு போட்டோகூட இல்லை. எல்லாப் பல்லையும் ஒரே நேர்கோட்டில் வைத்தால் பொம்மை வாய்போல இருக்கும். எங்காவது ஒரு கோணல் வேண்டும், அப்போதுதான் அது மனிதருடைய வாய். அவள் மேசையில் கணவனின் பல் அச்சு, மேல்வரிசையும் கீழ்வரிசையுமாக, வெள்ளைப் பிளாஸ்டரில், தாள் பறக்காமல் இருக்க வைத்திருந்தது. வேலை பழகிய காலத்தில் அவன் வாயைத் திறக்கச் சொல்லி எடுத்தது. இடதுபக்கம் முன்பல்மேல் லேசாக ஏறி நிற்கும் தெத்துப்பல் உட்பட எல்லாம் அதில் இருந்தது. யோசித்துக்கொண்டிருப்பானேன் என்று, அதைப் பார்த்தே பெரியவரின் வரிசையை மெழுகில் அமைத்துவிட்டாள். தெத்துப்பல்லையும் விடவில்லை.

வீட்டில் சொன்னபோது அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"என் பல்லையா? குடு குடு, எடுத்துக்கட்டும். கொஞ்ச நாளைக்குத்தானே."

பெரியவர் செட்டை மாட்டிக்கொண்டதும் குழிந்த கன்னங்கள் மேலே வந்தன, உதடுகள் நிமிர்ந்தன, மூக்குக்கும் முகவாய்க்கும் நடுவே தொலைந்துபோயிருந்த தூரம் திரும்பிவந்தது. அது செட்டு செய்கிறவள் தினமும் பார்க்கிற அதிசயம்தான். ஆனாலும் அவர் கண்ணாடியைப் பார்த்துச் சிரித்தபோது அவள் ஓர் அடி பின்னால் நகர்ந்தாள். தினமும் காபி தம்ளருக்குப் பின்னால் பார்க்கிற சிரிப்பு, வேறொரு முகத்தில்.

"நல்லாருக்கு வீட்டுக்காரம்மா. யாரோடது?"

இப்படியும் ஒருவர் கேட்பாரா என்று ஒரு கணம் திகைத்தாள். பிறகு வயதானவரின் விளையாட்டு என்று எடுத்துக்கொண்டாள்.

"இனிமே உங்களுதுதான்" என்றாள்.

அந்த வாரத்திலேயே ஆப்பிள் கடித்த கணவனின் பல் ஆப்பிளிலேயே நின்றுவிட்டது. ரத்தமில்லை, வலியில்லை. பழுத்த இலை காம்பை விடுவதுபோல விட்டுவிட்டது. அது அந்தத் தெத்துப்பல். அடுத்தது அதன் பக்கத்துப் பல். லேப் முதலாளியான டாக்டரிடம் அழைத்துப் போனாள். அவர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, அட்டையில் வேறு யாருடைய பெயராவது இருக்கிறதா என்று திருப்பிப் பார்த்தார்.

"பல்லு பிடிக்கறதுக்கு எலும்பே இல்லையேம்மா. இது எண்பது வயசு வாய்."

அப்போதும் அவளுக்கு இரண்டையும் சேர்த்துப் பார்க்கத் தோன்றவில்லை. சத்துக்குறைவு, கடன் கவலை, ராத்திரி ஷிப்ட். சொல்லிக்கொள்ளக் காரணங்களா இல்லை? ஒன்றன்பின் ஒன்றாகப் பற்கள் கழன்றன. அவன் ஸ்பேனரைப் பிடித்தால் கை நடுங்கியது. லிஃப்ட் குழியில் இறங்கியவன் ஏற முடியாமல் அங்கேயே உட்கார்ந்துவிட, கூட வேலை பார்ப்பவர்கள் தூக்கிவந்து படியேற்றிவிட்டுப் போனார்கள். லீவு போட்டான். தூங்கினான். தலைமாட்டில் வெள்ளை முடிகள் உதிர்ந்து கிடந்தன.

படிக்கட்டில் கீழ்வீட்டு அம்மா அவளை நிறுத்தினாள்.

"உங்க வீட்டுக்காரருக்கு என்ன, ஒரே குஷியா இருக்காரு? விசிலடிச்சுக்கிட்டே படியேறுறாரே."

"எப்போ?"

"தெனமும்தான். இன்னிக்கிக் காலைலகூட."

அவன் பத்து நாளாக வீட்டை விட்டு வெளியே போகவில்லை. முன்பல் இல்லாதவனால் விசிலும் அடிக்க முடியாது. அவள் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக ஏறினாள். அன்று மாலைதான் செட்டு கிண்ணத்தில் கிடக்க, உள்ளே ரஸ்க் உடைகிற சத்தத்தைக் கேட்டாள்.

தேய்த்த பாத்திரத்தையே மறுபடி மறுபடி தேய்த்து, வெளியே இருட்டிய பிறகு, அச்செடுக்கிற சாமான்களை எடுத்துக்கொண்டு திரையை விலக்கினாள். உள்ளறையில் விளக்குப் போடவில்லை. ஜன்னல் வழியே தெருவிளக்கின் மஞ்சள் மட்டும் கட்டில்வரை வந்து நின்றிருந்தது. எப்போதும் அந்த அறைக்கு ஒரு நாற்றம் உண்டு, வலி தைலமும் துவைக்காத போர்வையும் கலந்தது. அது இல்லை. வேறு ஏதோ வாசனை இருந்தது, அவளுக்கு மிகவும் பழக்கமான வாசனை. பெரியவர் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். அவர் நிமிர்ந்து அவள் பார்த்ததில்லை.

"செட்டு லூசாயிருக்கான்னு பாக்கணும்" என்றாள். குரல் அவளுடையதுபோல இல்லை. "மறுபடி ஒரு அச்சு எடுத்துக்கறேன்."

"தாராளமா."

வாயைத் திறந்தார்.

கிராம்பு வாசனை.

அவள் உள்ளே பார்க்கவில்லை. அச்சுமாவு அப்பிய ட்ரேயை இருட்டுக்குள் அழுத்தி, மாவு இறுகும்வரை விரல்களால் பிடித்துக்கொண்டு, சுவரைப் பார்த்தபடி நின்றாள். விரல்கள் தொட்ட உதடு சூடாக இருந்தது. கன்னம் வழவழவென்று, அன்று காலைதான் சவரம் செய்ததுபோல இருந்தது. ட்ரேயை இழுத்தபோது அது லேசில் வரவில்லை. ஈறிலிருந்து எடுத்தால் வழுக்கிக்கொண்டு வரும். இது பிடித்துக்கொண்டது. பல்லிருக்கிற வாய்தான் அப்படிப் பிடிக்கும்.

மறுநாள் லேப்பில் அதில் பிளாஸ்டர் ஊற்றினாள். காய்ந்ததும் பிரித்தாள். முழு மேல்வரிசை. ஒரு பல்கூடக் குறையவில்லை. மேசையில் இருந்த கணவனின் பழைய கீழ்வரிசை அச்சை எடுத்து, அதன்மேல் இதை வைத்தாள். இரண்டு பேருடைய பற்கள் எந்த நாளும் ஒன்றோடொன்று பொருந்தாது. ஆடும், இடிக்கும், எங்காவது வெளிச்சம் தெரியும். உலகத்தில் எந்தப் பூட்டையும்விட நம்பகமானது அது.

டக்கென்று உட்கார்ந்தது. ஆடவில்லை.

அன்று இரவு கணவனின் பக்கத்தில் உட்கார்ந்து, சுவருக்கு அந்தப் பக்கம் கேட்காதபடி, காதோடு சொன்னாள்.

"போயிடலாங்க. இப்பவே."

"எங்க?" முன்பல் இல்லாத வாயில் சொல் குழைந்து வந்தது.

"எங்கயாவது. அவரு... உங்கள எடுத்துக்கறாரு. நான்தான் குடுத்தேன். தெரியாமக் குடுத்துட்டேங்க."

அவன் அவளை வெகுநேரம் பார்த்தான். நம்பினானா இல்லையா என்று தெரியவில்லை. நம்பினான் என்றுதான் அவளுக்குப் பட்டது, அதுதான் இன்னும் பயங்கரமாக இருந்தது.

"மறுபடி பெட்டி கட்டணுமா?" என்றான். "முடியாது பல்லி. எல்லாத்தையும் இதுல போட்டாச்சு. இப்ப விட்டா, சாகற வரைக்கும் நமக்கு வீடு கெடையாது. இன்னும் கொஞ்ச நாள். அவரு போயிடுவாரு பாரு."

உள்ளறையில் யாரோ மெல்ல விசிலடித்தார்கள். அவன் வேலைக்குக் கிளம்பும்போது அடிக்கிற மெட்டு.

விடிந்ததும் அவள் கிண்ணத்திலிருந்த செட்டைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு லேப்புக்கு ஓடினாள். யாரும் வருவதற்கு முன்னால் தேய்க்கிற மிஷினைப் போட்டு, முதலில் அந்தத் தெத்துப்பல்லைக் கல்லில் வைத்தாள். இளஞ்சிவப்புத் தூள் பறந்தது. சூடான பிளாஸ்டிக் நாற்றம் மூக்கை அடைத்தது. அதற்கடியில் வேறொரு நாற்றமும் வந்தது, எலும்பு கருகுவதுபோல. அவள் நிறுத்தவில்லை. நான் கொடுத்ததுதானே, நானே திரும்ப எடுத்துக்கொள்கிறேன் என்று முணுமுணுத்துக்கொண்டே, இரண்டு வரிசையும் விரலிடுக்கில் பொடியாகும்வரை தேய்த்தாள். கையைக் கழுவிக்கொண்டு வீட்டுக்கு ஓடினாள். நெஞ்சில் பல வாரங்களாக இல்லாத ஒரு லேசு. காலை வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது. இவ்வளவு வெளிச்சத்தில் கெட்டது எதுவும் நடக்காது என்று முட்டாள்தனமாக நம்பினாள்.

வாசற்கதவு திறந்திருந்தது. சுத்தியல் சத்தம்.

பெரியவர் கூடத்துச் சுவரில் ஆணி அடித்துக்கொண்டிருந்தார். கணவனின் நீலநிற வேலைச் சட்டை. அவர் தோளுக்கு அது அளவாக இருந்தது. தலையில் கருகருவென்று முடி. திரும்பினார்.

"வா பல்லி" என்றார். "நேரா இருக்கா பாரு."

தெத்துப்பல் தெரியச் சிரித்தார். அவள் பொடியாக்கியது வெறும் பிளாஸ்டிக்.

சோபா காலி. படுக்கை காலி.

உள்ளறைத் திரையைக் கிழித்துக்கொண்டு உள்ளே போனாள். கட்டிலில் ஒரு கிழவன் கிடந்தான். எலும்பும் தோலும். தலையணையில் ரத்தமும் எச்சிலும் சேர்ந்த ஈரம், அதில் மிச்சமிருந்த பற்கள் எல்லாம், இறைத்துவிட்ட சோளமணிபோல. உள்ளே ஒடுங்கிய வாய். தோல் சுருங்கி யாருடைய முகமாகவும் இருக்கக்கூடிய முகம். யாருடைய முகமாகவும் இல்லாத முகம். ஆனால் போர்வைமேல் கிடந்த கையின் நகக்கண்களில் கறுப்பாக கிரீஸ். எந்த சோப்புக்கும் போகாத கிரீஸ்.

வாய் அசைந்தது. சத்தம் வரவில்லை.

அவள் அவனை அள்ளித் தூக்கினாள். குழந்தைபோல லேசாக இருந்தான். வாசல்வரை வந்துவிட்டாள். பெரியவர் தடுக்கவில்லை. சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு, நகர்ந்து வழிகூட விட்டார்.

"கூட்டிட்டுப் போறதுன்னா போ" என்றார் அன்பாக. கணவனின் குரலில். "வெளிய எடுத்து வெச்ச கால் வெச்சதுதான். வீடு போயிடும். எங்க வெச்சுப் பாத்துப்ப இவர? யாரு வாடகைக்குக் குடுப்பா?"

அவள் வாசற்படியில் நின்றாள். முன்னால் படிக்கட்டு இருட்டாக இறங்கிப்போனது. இன்று ஒரு ராத்திரி மட்டும் இருக்கட்டும், நாளைக்கு யோசித்து ஏதாவது செய்யலாம் என்று நினைத்தாள். அவனைக் கொண்டுபோய் மறுபடி உள்ளறைக் கட்டிலிலேயே கிடத்தினாள். தன்னை அவள் அதற்காக ஒருபோதும் மன்னிக்கப்போவதில்லை. ஆனாலும் கிடத்தினாள்.

நாளை என்பது வந்துகொண்டே இருந்தது. பெரியவர் காலையில் வேலைக்குப் போனார். மாலையில் நகக்கண்ணில் கிரீஸோடு வந்தார். லீவு முடிஞ்சு ஆளே தெளிஞ்சு வந்துட்டாரு என்று கூட வேலை பார்ப்பவர்கள் போனில் சொல்லிச் சிரித்தார்கள். "பெரியவருக்கு எப்படி இருக்கு?" என்று கீழ்வீட்டு அம்மா உள்ளறையைக் காட்டி விசாரித்தாள். அவள் அந்த அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, உள்ளே இருக்கறதுதான் என் வீட்டுக்காரர் என்றாள். அந்த அம்மா பரிதாபமாகப் பார்த்து, நல்லாத் தூங்கி எந்திரிம்மா என்று சொல்லிவிட்டுப் போனாள். யாரிடம் சொன்னாலும் அதே பார்வைதான் கிடைத்தது. அவள் கஞ்சி காய்ச்சினாள். கரண்டி கரண்டியாக, நிறைய ஊற்றினாள். எல்லாம் கடைவாயில் வழிந்தது.

பெரியவர் இரவில் கூடத்தில் படுத்தார். அவள் உள்ளறைத் தரையில், கட்டில் காலைப் பிடித்தபடி படுத்தாள். திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் வரும்.

"இன்னும் கொஞ்ச நாள்தான். அப்புறம் நமக்கே நமக்கு."

ஒரு மாலை, வெளிச்சம் ஜன்னலை விட்டுப் போகிற நேரத்தில், கட்டிலில் மூச்சு இழுத்தது. நின்றது. மறுபடி இழுத்தது. கணவன் அவள் கையைப் பிடித்திருந்தான். பிறகு இழுக்கவில்லை.

டாக்டரைப் பெரியவர்தான் கூட்டிவந்தார். பக்கத்துத் தெரு டாக்டர், படியேறி வந்ததில் அவருக்கே மூச்சு வாங்கியது. டார்ச் அடித்துக் கண்ணைப் பார்த்தார். நெஞ்சில் காதுக்குழாயை வைத்தார். நிமிர்ந்தார்.

"முடிஞ்சுதும்மா. அவஸ்தைப்படாமப் போயிட்டாரு, நல்ல சாவு. நீங்க இவருக்கு என்ன வேணும்?"

அவள் வாயைத் திறந்தாள்.

"வீடு வாங்குனவங்க டாக்டர்" என்றார் பெரியவர்.

டாக்டர் தலையாட்டினார். காகிதத்தில் ஏதோ எழுதிக் கொடுத்தார். பையை மூடினார். அப்போதுதான் அவள் கைக்குள் இருந்த கை அழுத்தியது.

லேசாக. ஒரு முறை.

"டாக்டர்! கை... கை அசையுது!"

டாக்டர் திரும்பிவந்து இன்னொரு முறை நாடியைப் பிடித்துப் பார்த்தார். அவள் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

"சில நேரம் நரம்பு இழுக்கும்மா. பயப்படாதீங்க."

"ரொம்ப நாளா பாத்துக்கிட்டா இல்லையா" என்றார் பெரியவர். "அதான்."

டாக்டரின் செருப்புச் சத்தம் கூடத்தைக் கடந்து, வாசலைத் தாண்டி, படியிறங்கத் தொடங்கியது. கை மறுபடி அழுத்தியது. இந்த முறை விடவில்லை. நான் இருக்கிறேன் என்று சொல்கிற அழுத்தம்.

பெரியவர் குனிந்தார். காதோரம் கிராம்பு வாசனை.

"கத்தணும்னா கத்து. இன்னும் படியிலதான் இருக்காரு."

செருப்புச் சத்தம் ஒரு மாடி கீழே.

"திரும்பிக் கூப்பிட்டா மறுபடி இருந்து பாக்கணும். அஞ்சு வருஷமோ, பத்து வருஷமோ. இதே ரூம், இதே கஞ்சி. யோசிச்சுக்கோ பல்லி."

இன்னும் ஒரு மாடி. அவள் வாய் திறந்தேதான் இருந்தது. தொண்டைவரை சத்தம் வந்துவிட்டது. அவள் கண் ஜன்னலோரச் சுவரைப் பார்த்தது. வெறும் சுவர். இனி அவளுடைய சுவர்.

கீழே தெருக்கதவு சாத்திக்கொண்டது.

அவள் வாயை மூடினாள்.

பெரியவர் கட்டிலோரம் உட்கார்ந்து, அவள் கையைப் பிடித்திருந்த அந்த விரல்களை விரிக்க ஆரம்பித்தார். முதலில் கட்டைவிரல். பிறகு ஆள்காட்டி விரல். பொறுமையாக, ஒவ்வொன்றாக. எல்லாவற்றையும் விரித்து, கையை எடுத்து நெஞ்சின்மேல் வைத்தார். அது அங்கிருந்து நழுவி, போர்வைமேல் ஊர்ந்து வந்தது. சுண்டுவிரல் அவள் விரலைத் தேடிப் பிடித்துச் சுற்றிக்கொண்டது.